ஐந்து மாத ஆப்பிரிக்கன் கிரே குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம்? சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறது

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். வீட்டுக்கு ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளிக் குஞ்சு வந்திருக்கிறது. காங்கோ வகை, ஐந்து மாதம் முடிந்திருக்கிறது, பெயர் மித்ரா. கைத்தீனி கொடுத்து வளர்த்த பறவை, இப்போது தானாகவே தின்கிறது. நல்ல சுறுசுறுப்பு, எச்சமும் சரியாகத்தான் இருக்கிறது, ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு கம்பி ஓரமாக வந்துவிடும். பிரச்சினை சாப்பாடுதான்.

வளர்த்தவர்கள் பழக்கியது விதைக் கலவை. அதில் பாதிக்கு மேல் சூரியகாந்தி. கிண்ணத்தை வைத்ததும் அலகால் இரண்டு பக்கமும் வாரி இறைக்கிறது, சூரியகாந்தி விதை கண்ணில் பட்டால் எடுத்து நாக்கால் உருட்டித் தோலை உதிர்த்துப் பருப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடுகிறது. தினை, குசும்பா விதை, காய்ந்த சோளம் எல்லாம் தரையில். பெல்லட் (சத்தெல்லாம் கலந்து உருண்டையாகச் செய்த கிளித்தீனி) வாங்கி வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு அது ஊறி வீங்குவதைத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, தின்னவில்லை. கேரட் துண்டு வைத்தால் பயந்துகொண்டு கூண்டின் மறுகோடிக்குப் போய்விடுகிறது.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் அதிகமாகிறது. ஒருவர் பெல்லட் மட்டும் போதும் என்கிறார், இன்னொருவர் பெல்லட்டே வேண்டாம், காய்கறியும் பழமும்தான் என்கிறார், மூன்றாமவர் விதை இல்லாமல் கிளி வளருமா என்கிறார். கிரே கிளிகளுக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரும் என்று வேறு படித்தேன், அதிலிருந்து மனசே சரியில்லை. வைட்டமின் டி3 கலந்த கால்சியம் மருந்து கையில் இருக்கிறது, தண்ணீரில் கலந்து வைக்கலாமா?

நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது ஐம்பது வருடம் கூட இருக்கக்கூடிய பறவை. இப்போதே சரியாகப் பழக்கிவிட வேண்டும் என்று ஆசை. தினமும் என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு, எந்த நேரத்தில்? விதையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?


வால்சிவப்பு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பசித்தால் தானாகத் தின்னும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், கிரே விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். பெல்லட் என்பது சாப்பாடு என்றே தெரியாத குஞ்சு, கிண்ணம் நிறைய பெல்லட் இருக்கும்போதே பட்டினி கிடக்கும். மித்ரா தண்ணீரில் போட்டு வேடிக்கை பார்க்கிறது என்கிறீர்களே, அதற்கு இப்போதைக்கு அது விளையாட்டுப் பொருள், அவ்வளவுதான். ஆனால் அலகால் எடுக்கிறதே, அது நல்ல அறிகுறி. தொடவே பயப்படும் பறவைகளைப் பார்த்திருக்கிறேன்.

சூரியகாந்தி விதையில் என்ன தப்பு என்றால், எடையில் பாதி கொழுப்பு. கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப் போல எட்டு மடங்கு இருக்கிறது, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பாஸ்பரஸ் இவ்வளவு கூடினால் உள்ளே போகும் கொஞ்சம் கால்சியமும் உடம்பில் ஒட்டாது. கிளிக்கு இந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும், ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை கால்சியம். விதைக் கலவைப் பாக்கெட்டில் 'வைட்டமின் சேர்த்தது' என்று போட்டிருப்பார்கள், அது பெரும்பாலும் தோலின் மேல் பூசியது. மித்ரா தோலை உதிர்த்துவிட்டுத்தானே தின்கிறது, அப்புறம் அந்த வைட்டமின் எங்கே போகும்? கூண்டின் அடித்தட்டுக்குத்தான்.

விகிதம் பற்றி நான் கடைப்பிடிப்பதும் பறவை மருத்துவர்கள் பலர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பாட்டில் 60 முதல் 70 சதவீதம் நல்ல பெல்லட், 20 முதல் 30 சதவீதம் காய்கறியும் கீரையும், மிச்சம் இருக்கும் கொஞ்ச இடத்தில் பழம், கொட்டைகள், விதை. வளர்ந்த காங்கோ கிரே சுமார் 400 முதல் 550 கிராம் வரை இருக்கும், அதற்கு ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு மேசைக்கரண்டி பெல்லட் வைத்தால் போதும். வைப்பது எல்லாம் வயிற்றுக்குள் போகாது, நொறுக்கிக் கொட்டுவது கணிசமாக இருக்கும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குஞ்சுப் பருவத்தில் அளவு பார்த்துக் கட்டுப்படுத்த வேண்டாம், கேட்கிற அளவு கொடுங்கள்.

பெல்லட் வாங்கும்போது சிவப்பு மஞ்சள் பச்சை என்று சாயம் போட்டதைத் தவிர்த்துவிடுங்கள். எச்சத்தின் நிறம் மாறிவிடும், உடம்புக்கு ஏதாவது வந்தால் எச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வசதி போய்விடும். சேர்மானப் பட்டியலில் சர்க்கரை இருந்தால் அதுவும் வேண்டாம். ஐந்து மாதக் குஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல் புரதமும் சத்தும் உள்ள, வளரும் பறவைக்கென்றே செய்த வகை கிடைத்தால் நல்லது, வளர்ந்த பிறகு சாதாரண வகைக்கு மாறலாம். எந்தத் தயாரிப்பு என்பதைவிட, பெட்டியில் தேதி பாருங்கள். திறந்து மாதக்கணக்கில் கிடக்கும் பெல்லட்டில் வைட்டமின் குறைந்துகொண்டே போகும்.

நேரம்: காட்டில் கிளிகள் காலையிலும் சாயங்காலமும்தான் மும்முரமாக இரை தேடும். அதனால் காலையில் பசி நன்றாக இருக்கும்போது காய்கறியை முதலில் வையுங்கள், ஈரமான உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். பெல்லட் நாள் முழுக்க இருக்கலாம். விதையும் கொட்டைகளும் சாயங்காலம், முடிந்தால் கிண்ணத்தில் போடாமல் கையிலிருந்து. பழக்கும்போது பரிசாகக் கொடுக்க அதைவிட நல்லது எதுவும் கிடையாது.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ (அதில் உள்ள பெர்சின் பறவையின் இதயத்தைத் தாக்கும்), சாக்லேட், காபி, தேநீர், மது, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட எதுவும், ஆப்பிள் விதை, பீச் மாதிரிப் பழங்களின் கொட்டை. வேகவைக்காத ராஜ்மா வகைப் பயறுகளும் விஷம்தான். சாப்பாடு இல்லையென்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அடுப்பில் காய்ந்து புகைந்தால் பக்கத்து அறையில் இருக்கும் கிளி கூட நிமிடங்களில் செத்துப்போகும். பறவை இருக்கும் வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம்.


தோட்டக்காரி எழுதியது:

வால்சிவப்பு சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம்தான், ஆனால் 70 சதவீதம் பெல்லட் என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. நான் பாதிக்குப் பாதி கொடுக்கிறேன். கிரே மாதிரி மூளைக்காரப் பறவைக்கு ஒரே வடிவத்தில், ஒரே ருசியில், நாள் முழுக்க ஒரே உருண்டை என்றால் அலுத்துப்போகும். காட்டில் அவை எண்ணெய்ப் பனையின் பழத்தைத் தின்கின்றன, விதைகள், பூக்கள், மரப்பட்டை என்று கொறிக்கின்றன, காங்கோ படுகையின் காட்டு வெட்டவெளிகளில் கூட்டம் கூட்டமாக இறங்கி மண் கூடத் தின்கின்றன. அவ்வளவு விதவிதமாகத் தின்கிற பறவை இது.

அதே நேரம், காய்கறியும் பழமும் மட்டும் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காய்கறி என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஸ்வீட் கார்ன் இருக்கிறதே, எல்லாக் கிளிக்கும் உயிர், நாமும் காய்கறி தின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவோம், ஆனால் 100 கிராம் சோளத்தில் 2 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது, பாஸ்பரஸ் 90 பக்கம். வெள்ளரிக்காயும் லெட்டூஸும் பெரும்பாலும் தண்ணீர். ஆப்பிள், திராட்சை எல்லாம் மனிதர்கள் இனிப்புக்காக வளர்த்தெடுத்த பழங்கள், காட்டுப் பழத்தில் இவ்வளவு சர்க்கரை இருக்காது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு 'ஃப்ரெஷ் டயட்' என்று சொன்னால் பறவைதான் பாவம்.

என் கலவை இப்படித்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கட்டாயம்: கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கையும் பூசணியையும் லேசாக வேகவைப்பேன். இவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மாற்றும், அதனால் கூடிப்போகும் என்ற பயம் இல்லை. அடர் பச்சையில் ஒன்று: கேல், புரோக்கோலி, கடுகுக் கீரை. கேல் கீரையில் கால்சியம் பாஸ்பரஸைவிடப் பல மடங்கு. பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் எப்போதாவது மட்டும். அப்புறம் சிவப்புக் குடைமிளகாய், பச்சைப் பட்டாணி, பீன்ஸ். மிளகாயை விதையோடு அப்படியே கொடுக்கலாம். பறவைக்குக் காரம் தெரியாது, நமக்கு எரிச்சல் தரும் பொருள் அவற்றின் நரம்பில் வேலை செய்வதில்லை. என் கிளி மிளகாயைக் காலில் பிடித்துக்கொண்டு முதலில் காம்பைக் கடித்துத் துப்பும், அப்புறம் பக்கவாட்டில் கிழித்து விதையை ஒவ்வொன்றாக எடுக்கும், சதை கடைசியில்தான். முகமெல்லாம் சிவப்பாக இருக்கும், உடனே முத்தம் கொடுக்கப் போகாதீர்கள், எரியும்.

முளைகட்டிய பயறு விதைப் பைத்தியமான பறவைகளுக்கு நல்ல பாலம். பார்க்க விதை மாதிரி இருக்கும், உள்ளே காய்கறி மாதிரி. ஆனால் முளைகட்டும்போது அடிக்கடி அலச வேண்டும், லேசாக வழவழப்போ வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கிரே கிளிகளுக்குப் பூஞ்சை நுரையீரலில் இறங்குகிற அஸ்பெர்ஜில்லஸ் நோய் எளிதில் வரும். அதே காரணத்துக்காக ஓட்டோடு இருக்கும் வேர்க்கடலையும் வேண்டாம், அதன் ஓட்டுக்குள் பூஞ்சை இருந்தால் வெளியே தெரியாது.

கேரட்டைப் பார்த்துப் பயப்படுவது பற்றி: கிரே கிளிகளின் குணமே அது, புதிதாக எதைப் பார்த்தாலும் சந்தேகம். துண்டைக் கூண்டுக்குள் வைக்காமல் முதலில் கண்ணில் படுகிற தூரத்தில் மேசையில் வையுங்கள். அது பார்க்கும்போது நீங்கள் கடித்துத் தின்னுங்கள், சத்தம் வர. ரசித்துத் தின்னுங்கள், நடிப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடும். கூட்டமாக வாழ்கிற பறவை, கூட்டத்தில் ஒருவர் தின்று உயிரோடு இருந்தால் அது விஷமில்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை மறுத்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், வடிவத்தை மாற்றுங்கள். துருவிப் பாருங்கள், மெல்லிய பட்டையாகச் சீவிக் கம்பியில் சொருகிப் பாருங்கள். கீரையைக் கழுவி ஈரத்தோடு கூண்டின் மேல்கம்பியில் தொங்கவிட்டால் சில குஞ்சுகள் அதில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், குளித்துக்கொண்டே கடிக்கவும் ஆரம்பித்துவிடும்.


கூண்டுக்கு_வெளியே எழுதியது:

பறவைகள் வரும் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், அதனால் கால்சியம் கேள்விக்கு நான் எழுதுகிறேன். அந்த மருந்தைத் தண்ணீரில் கலக்காதீர்கள். கிளி குடிக்கும் தண்ணீர் கொஞ்சம், அதில் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். வைட்டமின் கலந்த தண்ணீரில் கிருமியும் வேகமாகப் பெருகும்.

கிரே கிளிகளில் கால்சியக் குறைபாடு மற்றக் கிளிகளைவிட அதிகம் என்பது உண்மைதான். பயத்தை அப்படியே வைத்துக்கொள்ளாமல் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். உணவில் கால்சியம் இருந்தால் மட்டும் போதாது, குடலிலிருந்து அதை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3 தோலில் உருவாக வெயிலில் இருக்கும் யூவி-பி கதிர் வேண்டும். விதை மட்டும் தின்று, வீட்டுக்குள்ளேயே வளர்கிற கிரேவுக்கு மூன்றுமே இல்லை. வளரும் குஞ்சில் இது முதலில் எலும்பில் காட்டும், காலும் சிறகும் லேசாக வளையும், மார்பெலும்பு கோணலாகும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாமல் எக்ஸ்ரேயில்தான் தெரியவரும் பறவைகளும் உண்டு. பிற்பாடு, ரத்தத்தில் கால்சியம் இறங்கும்போது பிடி தளர்வது, குச்சியிலிருந்து விழுவது, நடுக்கம், கடைசியாக வலிப்பு. இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஜன்னல் ஓரமாகக் கூண்டை வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி யூவி-பியைத் தடுத்துவிடும், வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். பாதுகாப்பான கூண்டில் வெளியே கொண்டுபோய் இளவெயிலில் இருபது முப்பது நிமிடம் வைத்தாலே நல்லது, கூண்டில் பாதி நிழலாக இருக்க வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் பறவைகளுக்கான யூவி-பி விளக்கு இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், தலைக்கு மேலிருந்து மட்டும் விழ வேண்டும், பக்கவாட்டில் வைத்தால் கண்ணைக் கெடுக்கும். எரிந்துகொண்டே இருந்தாலும் யூவி-பி காலப்போக்கில் குறைந்துவிடும், கெடு தேதிப்படி மாற்றுங்கள்.

மருந்து விஷயம். மித்ரா நாளைக்குப் பாதிக்கு மேல் பெல்லட் தின்ன ஆரம்பித்துவிட்டால் அதிலேயே டி3 இருக்கிறது. அதற்கு மேல் நீங்களும் டி3 ஊற்றினால் கூடிப்போய்ச் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். குறைபாடும் கெடுதல், மிகையும் கெடுதல், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், முடிந்தால் அயனி கால்சியமும் (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல், உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் பங்கு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், மொத்தக் கால்சியம் சரியாக இருந்தும் அயனி கால்சியம் குறைந்திருக்கலாம். மருந்து வேண்டுமா, எத்தனை சொட்டு என்பதை எடையை வைத்து மருத்துவர் சொல்லட்டும். அதுவரை கூண்டில் ஒரு கணவாய் ஓடு தொங்கவிடலாம், கடிக்கும்போது கொஞ்சம் கால்சியம் போகும், அதனால் தீங்கில்லை, ஆனால் அதை மட்டுமே நம்பவும் கூடாது. மணல், கிரிட் (தீனியை அரைக்க உதவும் பொடிக்கல்) எதுவும் தேவையில்லை. விதையைத் தோலோடு விழுங்கும் புறா மாதிரிப் பறவைகளுக்குத்தான் அது, கிளி தோலை நீக்கிவிடுகிறது.

வைட்டமின் ஏ குறைபாடும் எங்களிடம் நிறைய வருகிறது. கிளியின் மேல்வாயில் இயல்பாகவே ஒரு பிளவு இருக்கும், அதன் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கூர்மையான முட்கள் வரிசையாக நிற்கும். விதையிலேயே வளர்ந்த பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் அந்த முட்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும், சில சமயம் வெள்ளையாகக் கட்டி கூட இருக்கும். மூக்கடைப்பு, தும்மல் என்று வந்து கடைசியில் காரணம் சாப்பாடு என்று தெரியவரும். மித்ராவுக்கு ஐந்து மாதம்தான், இவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களே என்று சந்தோஷமாக இருக்கிறது.


நிலாமுற்றம் எழுதியது:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. தோட்டக்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கேரட்டை மேசையில் வைத்து நானும் என் மகளும் மாறி மாறித் தின்றோம். மித்ரா குச்சியின் நுனிவரை வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. இன்னும் வாங்கவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. ஈரக் கீரையைத் தொங்கவிட்டோம், அதை இலை இலையாகக் கிழித்துப் போட்டுவிட்டது, வாய்க்குள் கொஞ்சம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மருந்தை எடுத்து வைத்துவிட்டேன், மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். விதையை மெதுவாகக் குறைப்பது என்றால் நடைமுறையில் எப்படி? சரியாகத் தின்கிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, கிண்ணத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. இன்னொன்று, சில சாயங்காலங்களில் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சிறகை நடுக்கிக்கொண்டு குஞ்சு மாதிரிக் கத்துகிறது. அது பசியா, நோயா?


வால்சிவப்பு எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். அது கைத்தீனி கேட்கிறது, நோய் இல்லை. இடம் மாறிய குஞ்சு பழைய பழக்கத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போவது சகஜம். 'பெரிய பிள்ளையாகிவிட்டாய்' என்று மறுக்காதீர்கள். கைத்தீனி மாவைக் கரைத்து ஒரு கரண்டியில் கொடுங்கள், சூடு 39, 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், வெப்பமானி வைத்துப் பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதற்கு மேல் போனால் தீனிப்பை (கழுத்தடியில் தீனி தங்கும் பை) வெந்துவிடும், ஆறிப்போனால் தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சூடு சீராக இருக்காது, அங்கங்கே கொதித்திருக்கும், அது வேண்டவே வேண்டாம். ஊசிக்குழாயால் தொண்டைக்குள் செலுத்தவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். கரண்டியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளட்டும். கேட்பது தானாகவே குறைந்து நின்றுவிடும். இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது, அந்தச் சூடான கரண்டியில் பெல்லட்டைப் பொடித்துக் கலந்து கொடுக்கலாம், மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கலந்து கொடுக்கலாம். கரண்டியில் வருவதைக் குஞ்சு சந்தேகப்படாது.

சரி, விதையைக் குறைப்பது. கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள், இது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். தினமும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே நேரத்தில் எடை. தராசின் மேல் சின்னக் குச்சி ஒன்றை நிற்கவைத்துப் பழக்கினால் கையிலிருந்து தானே இறங்கி நிற்கும். விதையில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஒரு வாரம் எடை எழுதி வையுங்கள், இயல்பு எது என்று தெரியும். உதாரணமாக 430 கிராம் என்றால், மாற்றும் காலத்தில் பத்து இருபது கிராம் ஏறி இறங்கலாம். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்தி விதையைத் திரும்பக் கொடுங்கள், 10 சதவீதம் குறையும்வரை, அதாவது 390 பக்கம் வரும்வரை, காத்திருக்கக் கூடாது. அது மருத்துவரிடம் போக வேண்டிய எடை.

எச்சமும் சொல்லும். பெல்லட் தின்கிற பறவையின் எச்சம் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு கலந்து இருக்கும். எண்ணிக்கை குறைந்து, சின்னதாக, கரும்பச்சையாக வந்தால் பறவை தின்னவில்லை என்று அர்த்தம், கிண்ணம் எப்படி இருந்தாலும் சரி. தரையில் பொடிப்பொடியாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், கிரே கிளிகள் தின்னாமலே நொறுக்கும்.

குறைக்கும் முறை: இப்போது நாள் முழுக்க விதை கிடைக்கிறது அல்லவா, அதைக் காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை என்று மாற்றுங்கள். வயிறு நிறையும் அளவு கொடுங்கள், ஆனால் அரை மணியில் எடுத்துவிடுங்கள். நடுப்பகலில் பெல்லட் மட்டும் இருக்கட்டும். முதல் நாட்களில் பெல்லட்டைத் தூளாக்கி ஈர விதை மேல் தூவுங்கள், விதையைக் கவ்வும்போது தூள் நாக்கில் ஒட்டும், அந்த ருசி பழக்கமாகும். பெல்லட்டைத் தண்ணீரில் போடுகிறதே, அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நீங்களே ஊறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை விரும்பாத குஞ்சு ஊறியதைத் தின்னக்கூடும். ஊறியது இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும், எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் பகலில் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். உண்மையாகவே பெல்லட்டை விழுங்குகிறது என்று எடையும் எச்சமும் காட்டிய பிறகுதான் காலை விதையைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். சில குஞ்சுகளுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். உடம்பு சரியில்லாத நாளிலோ வீட்டில் ஆட்கள் வந்து போகும் நாளிலோ அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

விதையை வாழ்நாள் முழுக்க ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டு பாதாம், ஒரு அக்ரூட், பழக்கும்போது சூரியகாந்தி நாலைந்து, இதெல்லாம் இருக்கட்டும். காகிதத்தில் பொட்டலம் கட்டி, அட்டைக் குழாய்க்குள் ஒளித்துக் கொடுங்கள். காட்டில் பாதி நாள் இரை தேடியே கழிக்கிற பறவை, கிண்ணத்தில் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்குத் தன் இறகைத்தான் பிடுங்க ஆரம்பிக்கும்.


தோட்டக்காரி எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். செம்பனை எண்ணெய் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள், கிரேவின் சொந்தக் காட்டு உணவு, வைட்டமின் ஏ நிறைய என்று. உண்மைதான், ஆனால் அது எண்ணெய். காட்டில் நாளெல்லாம் பறக்கிற பறவைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் வித்தியாசம் இருக்கிறது, கிரே கிளிகளுக்கு ரத்தக்குழாயில் கொழுப்புப் படியும் நோயும் அதிகம். கலவையில் நாலு சொட்டு போதும், ஆரஞ்சுக் காய்கறி ஒழுங்காகத் தின்றால் அதுவும் தேவையில்லை.

மகளையும் சேர்த்துத் தின்ன வைத்தது ரொம்ப நல்ல யோசனை. நாளைக்குக் குடைமிளகாயை வளையமாக வெட்டி அவள் விரலில் மோதிரம் மாதிரி மாட்டிவிட்டு, கூண்டிலிருந்து ஒரு கை தள்ளி உட்காரச் சொல்லுங்கள். விரலைக் கடிக்காத தூரம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் என்ன சொன்னார் என்று இங்கே கட்டாயம் எழுதுங்கள்.


கூண்டுக்கு_வெளியே எழுதியது:

மருத்துவரிடம் போகும்போது ஒரு வார எடைக் குறிப்பையும் பெல்லட் பெட்டியின் சேர்மானப் பட்டியலின் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கால்சியம் மருந்துப் புட்டியையும் கொண்டுபோங்கள், ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு டி3 என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து அன்று காலை எச்சத்தோடு அப்படியே எடுத்துப் போனால் இன்னும் நல்லது.